பன்னிரண்டு வருஷமும் வியாழக்கிழமையும்

பெங்களூர்
5-11-1948

அன்புள்ள ஸ்ரீகண்டா,

மைசூரில் ஆபீஸ் முகாமில் சாப்பாடு சரிப்படுகிறதா? உன் தங்கை கோமளம் தேறிவருகிறாள். ரயில் ஊதினால் இப்போது கட்டிலுக்கடியில் ஒளிவதில்லை. ஒரு பிரமைதான் பாக்கி. லாகூரிலிருந்து வந்த ரயிலில், வழியில் தண்ணீர் பிடிக்க இறங்கிய புருஷன் வைத்தீஸ்வரன் இன்னும் உயிரோடு இருப்பதாக நினைக்கிறாள். இறங்கியவர்களை வெட்டிவிட்டார்கள் என்று எடுத்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே குங்குமத்தைச் சரிசெய்துகொண்டாள். உண்மை பழகட்டும் என்று, தினமும் காலையில் நர்ஸை விட்டு அதைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். அது முதல் சாப்பிட மறுக்கிறாள்.

நம் ஆஸ்பத்திரிக்கு, மூளைக்கு மின்சாரம் பாய்ச்சும் கருவி வந்திருக்கிறது. சீமையில் அதற்கு நல்ல பேர். செவ்வாய் அஷ்டமி, புதன் நவமி. வியாழக்கிழமை அவளுக்குத் தொடங்குகிறேன். கவலைப்படாதே.

உன் பழைய பெஞ்சுத் தோழன்,
டாக்டர் சேஷகிரி

மைசூர்
7-11-1948

அன்புள்ள சேஷு,

அவளுக்குப் பிரமை இல்லை. போன மாதம் என்னிடமே சொன்னாள்: "அவர் வந்துடுவார்னு நான் எப்போ சொன்னேன்? போயிட்டார்னு கண்ணால பார்த்தவா யாராவது சொல்லட்டும், நானே அழிச்சுக்கறேன்."

காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து, பிறகு தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்திக் காரியம் செய்வது நம் வழக்கம். உன் வீட்டிலும் அதுதான். அதுவரை அவள் சுமங்கலி. காத்திருக்க ஒரு முறை இருப்பதால்தான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கலவரக்காரர்கள்கூட அவள் நெற்றியைத் தொடவில்லையடா!

சாஸ்திரம் பன்னிரண்டு வருஷம் கொடுக்கிறது. நீ வியாழக்கிழமைவரை கொடுக்கிறாய், அதுவும் அஷ்டமி நவமி தயவில். சீமைக் கருவிக்குமா பஞ்சாங்கம்?

புதன் காலை வந்து அழைத்துப் போகிறேன். அதுவரை அவளைத் தொடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸ்ரீகண்டன்

பெங்களூர்
9-11-1948

அன்புள்ள ஸ்ரீகண்டா,

ரயிலிலிருந்து இறங்கியதும் கிடைக்கட்டும் என்று இதை இங்கே உன் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

பஞ்சாங்கம் பற்றி நீ எழுதியது உறைத்தது. விஞ்ஞானம் படித்தவன் அஷ்டமிக்கு அஞ்சலாமா? இன்று காலையே கருவியை வைத்துவிட்டேன். அற்புதமான பலன். நர்ஸ் குங்குமத்தைத் துடைத்தபோது பேசாமல் நெற்றியைக் காட்டினாள். சாதமும் சாப்பிட்டாள். "வைத்தீஸ்வரன் வருவாரா?" என்றேன். "யார் அவர்?" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை.

நாளை அவசியம் வா. உள்ளே நுழைந்ததும், நீ யார் என்று முதலில் அவளிடம் சொல்லிவிடு.

வெற்றியில் உனக்கும் பங்குண்டு என்று நம்பும்,
சேஷு