கழன்று கிடந்த கொண்டி

புரட்டாசி 12, திங்கள், இரவு

டிராக்டர் இன்று ஸ்டார்ட் ஆகிவிட்டது. மதினி சூடம் கொளுத்தினார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு பாலவனத்தம் ரோட்டில் கவிழ்ந்து அண்ணனைக் கொன்ற வண்டி. நிமிர்த்தி இழுத்து வந்து வீட்டுக்குப் பின்னால் போட்டதோடு யாரும் தொடவில்லை. மழை நேரத்தில் வாடகை வண்டி கிடைப்பதில்லை என்று மதினிதான் பழுதுபார்க்கச் சொன்னார்கள்.

சாயங்காலம் பிரேக் பக்கம் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டார். இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பிணைக்கும் கொண்டி, கழன்றபடியே துருவேறி இறுகிக் கிடந்தது.

"உழுகையில கழட்டி விட்டாத்தேன் மடக்கித் திருப்பலாம். மாட்டாம ரோட்டுல ஏத்தி பிரேக்கப் போட்டா, ஒரு சக்கரம் மட்டும் பிடிச்சு வண்டியப் பெரட்டிப் போட்டுரும். கடைசியா ஓட்டுனது யாருண்ணே?"

வண்டி கவிழ்வதற்கு முதல் நாள் உழுதது நான். கழற்றியதும் நான். இருட்டிவிட்டது, காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று வந்து படுத்துவிட்டேன். விடியுமுன்னே அண்ணன் லோடு ஏற்றிப் போய்விட்டார்.

"அண்ணன்தான்" என்றேன்.

டீயோடு நின்ற மதினி என்னைப் பார்த்தார்கள். "குடிச்சிட்டு ஓட்டுனாகன்னு ஊரே பேசுச்சு. அன்னைக்கு அவுக ஒரு சொட்டு தொடலை. நீங்களாச்சும் நம்புறீகளா தம்பி?"

"நம்புறேன் மதினி."

எண்ணெய் விட்டுக் கொண்டியை மாட்டிவிட்டுத்தான் வந்து படுத்தேன். எழுந்து போய் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.