பதினோராவது கிலோமீட்டர் கல்

அன்பு மகளுக்கு,

நம் சாலையில் இரண்டு கிலோமீட்டரைக் காணாமல் அடித்துவிட்டார்கள். பதினொரு கிலோமீட்டர் என்று இருந்த மாநில நெடுஞ்சாலையை ஒன்பது என்று பட்டியலில் எழுதி முத்திரையும் குத்திவிட்டார்கள். நம் வீடு பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் இன்றைய தேதிக்கு நம் வீட்டுக்குச் சாலையே கிடையாது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம், நலமா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல். இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய் எதிர் மலைச்சரிவைப் பார்த்துவிட்டு வந்தேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்கு வயது காரணமில்லை.

போன செவ்வாய்க்கிழமை மழையில் பத்தாவது கிலோமீட்டர் வளைவில் மண் சரிந்து ஆற்றுப் பக்கத்துத் தடுப்புச் சுவரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மண் அள்ளுகிற வண்டி வந்தது, வந்து ஒன்பதாவது கல்லுக்கு முன்னால் கொம்பைத் தூக்கி நின்றது. நான் சரிவில் ஏறி இறங்கி, முழங்கால் வரை சேற்றோடு போய்க் கேட்டேன். ஓட்டுகிறவன் நல்ல பையன்தான், "பெரியம்மா, கோச்சுக்காதீங்க, என் சீட்டுல ஒன்பதோட முடியுது, அதுக்கு மேல போனா வண்டிய எதுக்குடா கொண்டுபோனேன்னு என் தலையைத்தான் உருட்டுவாங்க" என்றான். அப்படியானால் நான் இவ்வளவு நேரம் நடந்து வந்தது ஆகாசத்திலா என்று கேட்டேன். அவன் சீட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "சீட்டுப்படி பாத்தா ஆமா பெரியம்மா" என்கிறான். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. வண்டி திரும்பிப் போய்விட்டது. உன் தம்பியும் மரம் அறுக்கும் பட்டறைக்காரரும் இன்னும் பத்துப் பேரும் மண்வெட்டியால் இரண்டு நாள் வெட்டி ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி பண்ணியிருக்கிறார்கள். நடக்கலாம், வண்டி வராது. உன் தம்பி மனைவிக்கு எட்டாவது மாதம், ரத்த அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, கால் வீங்கினாலோ கண் மங்கினாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் கீழே கொண்டுவர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆம்புலன்சும் அதே பட்டியலை வைத்துத்தான் வருகிறது. உன் தம்பி அவளை டவுனில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். நான்தான் கூடாது என்றேன். இப்போது நாம் இறங்கினால் இங்கே சாலை இல்லை என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றேன். உன் அப்பா எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

வியாழக்கிழமை நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் உன் வயதுப் பெண், உட்காரச் சொல்லி மரியாதையாகத்தான் பேசினாள். "அளக்க வந்தவர் ஒன்பதுக்கு மேல கல்லே இல்லைன்னு எழுதியிருக்கார்மா, ஊர்க்காரங்கள்ல ஒருத்தரும் அதையேதான் சொல்லியிருக்காங்க" என்று தாளைத் திருப்பிக் காட்டினாள். இருபத்திரண்டு வருஷம் இந்தச் சாலையில் ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, வருஷத்துக்கு ஒரு தரம் கல் கல்லாகச் சுண்ணாம்பு அடித்து, கறுப்பு மையில் எண் எழுதியவள் நான். பள்ளிக்கூடம் போகாத நான் எழுத்துக் கற்றுக்கொண்டதே அந்தக் கல்லில் ஊர்ப் பேர் எழுதித்தான், உனக்குத் தெரியும். என்னிடமே கல் இல்லை என்கிறாள். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் ஊரே கூடிவிட்டது. பட்டறைக்காரர், "எவன் அந்த ஊர்க்காரன், கெடச்சா நாக்குல தார ஊத்துறேன்" என்றார். எல்லோரும் ஆளாளுக்குத் திட்டினார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டியது நான்.

மறுநாள் துணி துவைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் மண் சரிந்தபோது பதினோராவது கல் பிடுங்கிக்கொண்டு உருண்டது, அதே மழையில் பத்தாவது கல் ஆற்றோடு போனது. புதுச் சுவர் கட்டியதும் நட்டுக்கொள்ளலாம், அதுவரை பத்திரமாக வை என்று மேஸ்திரி சொன்னதால் உன் அப்பா அதை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். சுவர் கட்டி முடித்தார்கள், மேஸ்திரி வேலையை விட்டுப் போனார், கல்லைக் கேட்க ஆள் வரவில்லை. கிணற்றடியில் துவைக்கிற கல்லாகிவிட்டது. நான் எழுதிய எழுத்தின் மேல் சோப்புப் போட்டுத் தேய்க்க மனசு வராமல் எண் பக்கத்தை மண்ணில் கவிழ்த்துப் போட்டேன். மூன்று மாதம் முன்னால் ஒரு ஆள் தண்ணீர் கேட்டு வந்தான், அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று பூட்ஸைக் கழுவிக்கொண்டே, "இதுக்கு மேல கல்லு ஏதாச்சும் இருக்காம்மா" என்று கேட்டான். காய்கறிக்காரனோ யாரோ என்று நினைத்து, "கல்லெல்லாம் எப்பவோ போயிடுச்சுப்பா" என்றேன். நான் சொன்னதைத்தான் அவன் எழுதிக்கொண்டு போயிருக்கிறான். இதை உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். வாய் என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண் அவனுடையதுதானே? அவன் நடந்து வந்த சாலை அவன் காலுக்கு அந்தப் பக்கமும் போய்க்கொண்டேதான் இருந்தது, கல் இல்லை என்றால் சாலை இல்லை என்று எந்தப் பைத்தியக்காரன் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். அதை நான் விடப்போவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் உன் தம்பி மனைவி வாசலில் செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், கால் நுழையவில்லை. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல அத்தை, மழையில செருப்பு சுருங்கிடுச்சு" என்று சிரித்தாள். ரப்பர் செருப்பு எங்கே சுருங்கும். என் வீம்புக்கு அந்தப் பெண் பயந்துகொண்டு பொய் சொல்கிறாள். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். இனி யார் என்ன சொன்னாலும் நடக்க வேண்டியது இதுதான்.

உன் தம்பி இன்றைக்கே, மழை தொடங்குமுன், பட்டறைக்காரரின் மரம் சுமக்கும் ஆட்கள் நாலு பேரோடு அவளை நாற்காலியில் உட்கார வைத்துச் சரிவைத் தாண்டிக் கொண்டுபோய் ஒன்பதாவது கல்லுக்கு வரும் ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும், சொல்லிவிட்டேன். உன் அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு அந்தக் கல்லைப் பெயர்த்துப் பள்ளிக்கூட வாசலில் நட வேண்டும், எண்ணை நான் எழுதுவேன். ஊர் கூடியிருக்கும்போது அந்த ஊர்க்காரன் நான்தான் என்று என் வாயால் நான் சொல்ல வேண்டும், பட்டறைக்காரர் தாரைச் சூடாக்கிக்கொண்டு வரட்டும். பொறியாளர் பெண் வண்டியை விட்டு இறங்கி, டேப்பைப் பிடித்து, ஒன்பதிலிருந்து இங்கே வரை நடந்து அளக்க வேண்டும், ஒரு முனையை நான் பிடிப்பேன். நீ, முதல் நாள் பள்ளிக்கூடம் போனபோது அந்தக் கல்லில் சாய்ந்து அழுதுகொண்டு நிற்கிற போட்டோவைத் தேடிப் பிரதி எடுத்து அந்த அலுவலகத்துக்கு உன் கைப்பட ஒரு கடிதத்தோடு அனுப்ப வேண்டும், இந்த வாரமே, மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூடாது. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. உன் தம்பி மனைவி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, ஆட்கள் வரும்வரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கட்டும்.

உன் அம்மா