ஏப்ரல் மாதத்து மீன்

செப்டம்பர் 4

என் சடையாண்டிக்கு,

நலம்தானே? இங்கே ஒரு வாரமாக விடாத மழை. மாதிரிகளை உலர்த்தும் அடுப்பின் மேல் என் சாக்ஸைக் காயப்போட்டேன். ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் பார்த்து முறைத்துவிட்டுப் போனார்.

போனில் சொல்லக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். தீவுக்கே இருப்பது ஒரு போன். பின்னால் ஆள் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தால் என்னத்தைப் பேசுவது? என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறதல்லவா, இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் இந்தக் கடல்நாய்கள் எங்கே போய் வாழ்கின்றன என்ற ஆராய்ச்சி முழுவதும் என் பொறுப்பில். படிப்பு முடித்த நாளிலிருந்து நான் வாயைப் பிளந்து காத்திருந்த வேலை! நவம்பர் நடுவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மனசில் இருப்பதை எழுதுங்கள். பெருந்தன்மை எல்லாம் வேண்டாம்.

இன்னொன்று. புது இயந்திரம் வந்திருக்கிறது. கடல்நாயின் மீசை முடியைத் துண்டு துண்டாக நறுக்கி அதில் எரித்தால், எந்தக் காலத்தில் என்ன தின்றது, எந்தப் பக்கத்துக் கடலில் தின்றது என்று சொல்லிவிடும். முதல் ஓட்டத்துக்கு மட்டும் வீட்டு மனிதர்களின் முடியைப் போடுவது எங்கள் வழக்கம். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நமக்கே தெரியும், இயந்திரம் ஒழுங்காகப் பேசுகிறதா என்று பார்த்துவிடலாம். கல்யாணம் ஆனதிலிருந்து உங்களுக்கு முடி வெட்டியவள் நான்தான். நான் இந்தத் தீவுக்கு வந்த பிறகு வேறு யார் கத்தரியும் படவில்லை என்று பீற்றிக்கொள்கிறீர்களே, அதில் நாலைந்து முடியைத் தலையோடு ஒட்ட வெட்டி, வேர்ப்பக்கம் நூல் கட்டி அனுப்புங்கள்.

உங்கள் மீசைக்காரி


செப்டம்பர் 17

அடி மீசைக்காரி,

முடி உள்ளே இருக்கிறது, சிவப்பு நூல் கட்டிய பக்கம் வேர். வெட்டியது நானேதான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வெட்டியதில் காதும் கொஞ்சம் வந்திருக்கலாம்.

இந்த முடியால் எனக்கு நேர்ந்த அவமானத்தைக் கேள். போன வாரம் ஒரு துணிக்கடை லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. மேல்தளத்திலிருந்து குனிந்து கதவை நெம்புகிறேன், உள்ளே சிக்கிய அம்மா என் கொண்டையை மட்டும் பார்த்துவிட்டு, "அக்கா, சீக்கிரம் தெறங்கக்கா, மூச்சு முட்டுது!" என்றார். என் உதவியாளன் இன்னும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.

கையெழுத்து விஷயத்துக்கு இவ்வளவு யோசனை எதற்கு? போடு. எனக்கு என்ன குறை? மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், லிப்ட் ரிப்பேர்காரனாக இருந்தும் நாலு மாடி படியேறுகிறேன். நீ இந்த வேலையை விட்டுவிட்டு வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அந்த முகம் உனக்கு ஆறு மாதத்தில் சலித்துவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், போடு.

அக்கா என்று பெயர் வாங்கிய உன் புருஷன்


அக்டோபர் 1

சடையாண்டிக்கு,

இயந்திரம் வாயைத் திறந்துவிட்டது. பாதி நாள் சிரித்தேன், மீதி நாள் சிரிப்பு வரவில்லை.

உங்கள் முடியை விரல் நுனி அளவுக்கு நறுக்கி வரிசையாக எரித்தேன். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு மாதம். எல்லா மாதமும் ஒரே மாதிரி, நீங்கள் சாப்பிடும் ரொட்டியும் முட்டையும் அப்படியே தெரிகிறது. ஆனால் ஏப்ரலிலும் மே மாதத்திலும் கனமான நைட்ரஜன் சரசரவென்று ஏறியிருக்கிறது. மீன் தின்கிற கடல்நாய்க்கும் இப்படித்தான் ஏறும். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் ஜன்னலைச் சாத்துகிற மனுஷனுக்கு இரண்டு மாதம் மீனா? ஏப்ரலில் வெளியூரில் லிப்ட் பொருத்தும் வேலை, எழுத நேரமில்லை என்று இரண்டு வரியில் கடிதம் போட்டீர்களே, அந்த மாதம்தான்.

நான் மீனை எத்தனை தரம் நீட்டியிருப்பேன்! முள்ளை எடுத்துவிட்டு ஊட்டக்கூட வந்தேன். வாயைத் திறந்தீர்களா? யார் சமைத்துப் போட்டு அப்படி மயக்கியது? சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, கொஞ்சம் படுகிறேன். போனில் கேட்கத்தான் நினைத்தேன், பின்னால் எங்கள் நிலையத்துச் சமையல்காரர் நின்றார்.

பதில் வந்த பிறகுதான் கையெழுத்து.

மீசைக்காரி


அக்டோபர் 12

என் கண்ணே,

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாய். மீன்தான். வேலை செய்த கட்டிடத்து கேண்டீனில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தின்றேன், அப்புறம் பழகிவிட்டது. நீ ஊட்ட வந்தபோது தின்னாதவன், எவனோ போட்டதைத் தின்றேன் என்று எப்படிச் சொல்வது? அதுதான் சொல்லவில்லை. சமைத்தவர் பெரிய மீசை வைத்த ஒரு ஆள். பொறாமைக்கு அங்கே இடமில்லை.

இனி சாக்கு சொல்லாதே, கையெழுத்துப் போடு.

உன்னுடையவன்


அக்டோபர் 24

உங்களுக்கு,

நேற்று கடல்நாய்களின் முறை. குட்டி போட்ட தாய்களின் மீசையை ஓட்டினோம். பால் கொடுக்கும் நாட்களில் அவை கரையை விட்டு நகர்வதில்லை, ஒரு வாய் தின்பதில்லை. அந்த நாட்களில் வளர்ந்த துண்டிலும் கனமான நைட்ரஜன் ஏறித்தான் நிற்கும். உள்ளே எதுவும் போகாதபோது உடம்பு தன் சதையையே தின்று உயிரைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரஜனை மட்டும் பார்த்தால் அதுவும் மீன் தின்றது போலத்தான் இருக்கும்.

பிரித்துப் பார்க்க, அதே இயந்திரம் காட்டும் கனமான கார்பன் இருக்கிறது. கடல் மீனைத் தின்றால் அதுவும் கூடவே ஏறும். உங்கள் முடியில் நான் கார்பனைப் பார்க்கவே இல்லை. கடல்நாய் என்றால் இரண்டையும் பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டேன். புருஷன் என்றதும் ஒன்றைப் பார்த்தவுடனே குதித்துவிட்டேன். என்னை எதால் அடிப்பது?

இன்று காலையில் பார்த்தேன். கார்பன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நீங்கள் மீன் சாப்பிடவில்லை. எதுவுமே சாப்பிடவில்லை. மீசை வைத்த சமையல்காரராம்! வாய் கூசாமல் எப்படி எழுத முடிந்தது? உங்கள் அக்காவிடம் ஏப்ரலில் போனில் கேட்டேனே. "அவனுக்கென்ன, நல்லா தின்னுட்டுத் திரியுறாம்மா" என்றார்களே.

உங்களுக்கு என்ன ஆயிற்று? அதை மட்டும் எழுதுங்கள். ஜோக் வேண்டாம்.

நான்


நவம்பர் 4

கண்ணம்மா,

அக்காவைத் திட்டாதே. அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியது நான். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் உன்னிடம் அப்படிச் சொன்னாள், வைத்ததும் அழுதாள்.

வெளியூர் வேலை என்று எதுவும் இல்லை. குடலில் கட்டி. ஏப்ரலில் வெட்டி எடுத்தார்கள். ஆறு வாரம் எது குடித்தாலும் திரும்பி வந்தது. பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, சணல் கட்டிக்கொண்டேன். எடுத்ததைப் பரிசோதித்ததில் கொஞ்சம் கெட்டது இருந்தது. முழுசாக எடுத்துவிட்டோம் என்கிறார் டாக்டர், ஆனாலும் திரும்ப ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். இந்த மாதம் முப்பதாம் தேதி ஸ்கேன், அன்றைக்கே முடிவு.

அதற்கு முன் நீ கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்றுதான் அவசரப்படுத்தினேன். முடிவு நல்லதாக வந்தால் உனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கெட்டதாக வந்தாலும் உன் வேலை உன் கையில் இருக்கும். அந்தத் தாய்கள் குட்டிக்காகப் பட்டினி கிடக்கின்றன, நான் அப்படியெல்லாம் பெரிய தியாகி இல்லை. பயந்துபோய்ப் படுத்திருந்தேன், நீ வந்து என் பயத்தைப் பார்க்க வேண்டாம் என்று இருந்தது. இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன், இது பொய் இல்லை.

மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

உன்னுடையவன்


நவம்பர் 15

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். அழுது முடித்து, முகம் கழுவி, இயக்குநர் அறைக்குப் போனேன். கையெழுத்து இந்த மாதக் கடைசி வரை காத்திருக்குமா என்று கேட்டேன். முடியாது, அடுத்த ஆள் தயாராக நிற்கிறார் என்றார். அப்படியானால் அவருக்கே கொடுங்கள் என்றேன்.

"பின்னாடி வருத்தப்படுவீங்க" என்றார். "படுவேன் சார்" என்றேன். பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், உங்களிடம் மறைக்க மாட்டேன். மீசைகளை டப்பாவில் போட்டு, புதியவருக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிட்டேன். நைட்ரஜன் ஏறினால் கார்பனைப் பார்க்காமல் எதுவும் சொல்லாதே என்று இரண்டு தடவை சொன்னேன்.

உங்கள் மேல் கோபம் துளியும் குறையவில்லை. நீங்கள் பயந்தபோது நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். என்னைக் கேட்காமல் அதை நீங்களே முடிவு பண்ணிவிட்டீர்கள். இதற்கு நான் போட வேண்டிய சண்டை வருடக்கணக்கில் இருக்கிறது. அத்தனை வருடமும் எதிரில் நின்று வாங்கிக்கட்டிக்கொள்ள நீங்கள் இருந்தாக வேண்டும், சொல்லிவிட்டேன்.

மீதி நாட்களுக்கு லீவு வாங்கிவிட்டேன், படகில் கரைக்கு வந்து இருபத்தெட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். முப்பதாம் தேதி உங்கள் பெயரைக் கூப்பிடும்போது நானும் எழுந்து உள்ளே வருவேன். என்னை வெளியே உட்காரச் சொல்லாதீர்கள். டாக்டர் என்ன சொன்னாலும் இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்போம்.

உங்கள் மனைவி