ஆறாம் நம்பர் தக்காளி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. மாடிக்குப் போய் தக்காளி இலைகளை ஈரத்துணியால் துடைத்தேன், துணி கறுத்துவிட்டது. எண்ணூர் ரோட்டு லாரிகளுக்கு என் செடிகள்மேல் அப்படி என்ன பாசமோ.

வேலைக்குக் கிளம்பும்போது ஹவுஸ் ஓனர் படியில் பிடித்துக்கொண்டார். மாடி ஒழுகுகிறதாம். அடுத்த சனிக்கிழமை தளம் பூச ஆள் வருகிறான், செடிப் பெட்டியெல்லாம் காலி பண்ணணும். கெஞ்சியதில் படி வளைவில் ஒரே ஒரு பெட்டிக்கு அனுமதி.

இருப்பது எட்டுச் செடி.

வரி வரியான நாட்டுத் தக்காளி, தபாலில் வந்த கறுப்புத் தக்காளி. இரண்டும் விதை எடுத்து விதை எடுத்துக் காப்பாற்றிய பழைய ரகம். மொட்டு விரிவதற்குள் புருவம் பிடுங்கும் இடுக்கியால் உள்ளே இருக்கும் மகரந்தப் பையை எடுத்துவிட்டு, இதன் பூவில் அதன் மகரந்தத்தைத் தடவினேன். முதல் தலைமுறை எல்லாம் ஒரே அச்சு. அதன் விதையில் வந்தவைதான் இந்த எட்டு. ஒரே பழத்துப் பிள்ளைகள், எட்டும் எட்டு தினுசு. இதில் எது நல்லது?

என்னால் சொல்ல முடியாது. அந்தக் கொரோனாக் காய்ச்சலோடு மூக்கு போனது போனதுதான், எந்த வாசனையும் தெரியாது. நாக்குக்குப் புளிப்பு, உப்பு, இனிப்பு தெரியும். தக்காளி தக்காளியாகத் தெரியாது. யாருக்கும் விளக்கிச் சொல்வதையும் விட்டாச்சு.

பிப்ரவரி 5, வியாழன்

ருசி பார்க்கும் படலம். இவர் டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டு வந்து குளித்த கையோடு உட்கார வைத்தேன். செடி 1: "சூப்பர்." செடி 2: "சூப்பர் வனஜா." மூன்றிலிருந்து எட்டு வரைக்கும் அதே சூப்பர். சந்தேகம் வந்தது. மார்க்கெட்டில் வாங்கிய தக்காளியை ஒன்பதாவது என்று நீட்டினேன்.

"இதான்யா டாப்பு!"

எழுந்து போய்விட்டேன். மூக்கு போனதிலிருந்து நான் என்ன ஆக்கினாலும் இந்த வீட்டில் சூப்பர்தான். அப்படி ஒரு சமையல்காரி உலகத்திலேயே இருக்க முடியாது.

ஆபீசில் இன்றும் பில் மிஷின் ரிப்பேர்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. கீழ் வீட்டு தேசம்மாவை மாடிக்குக் கூப்பிட்டேன். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கிறவள். நான் செடி வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டியெல்லாம் அவள் போட்டுவைத்த பழைய மீன் பெட்டிகள்.

செடி 2-ஐ முந்தானையில் துடைத்துக் கடித்தாள், உடனே துப்பினாள். "இன்னாக்கா இது, கொழா தண்ணி மாரி கீது." செடி 5: "பரவால்ல. பச்சடிக்கு ஆவும்."

செடி 6-ஐ நான் மதித்ததே இல்லை. காய் சின்னது, சிலதுக்கு அடி கறுப்பு. அதைக் கடித்தவள் இன்னொன்று பறித்தாள்.

"இத்த மட்டும் வுட்ராதக்கா. மூக்கு வரிக்கும் ஏறுது." குனிந்து பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள். "அய்ய, இது கருவாட்டுப் பொட்டியாச்சே. கழுவாமயே மண்ணு ரொப்பிக்கினியா? அந்தாண்ட வரிக்கும் நாறுதே."

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் இவர் தினம் துணி காயப்போட மாடி ஏறுகிறவர். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

படி இறங்கும்போது தேசம்மா இன்னொன்றும் சொன்னாள். "பொங்கலாண்ட அண்ணனுக்கு வவுறு கலக்கி லீவு போட்டுச்சே, அது உன் சங்கரா மீன் கொழம்புக்கா. கரண்ட்டு போயி ஃபிரிட்ஜ்லயே கெட்டுப்போன மீனு. நீ குட்த்த கிண்ணத்த மோந்ததுமே நான் கீழ ஊத்திட்டேன். உன்னாண்ட சொல்லாதன்னு அண்ணன் தான் சொல்லிச்சு."

மதியம் சமைக்கவில்லை. ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 9, திங்கள்

கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"கெட்டுப்போன மீனுன்னு தெரிஞ்சேவா துன்ன?"

"ரெண்டு துண்டுதான்."

"ஏன் சொல்லல?"

பனியனை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். "மூக்கு போச்சுன்னு நீ அழுதத பாத்தவன் நானு. கை ருசியும் போச்சுன்னு எப்டி சொல்றது?"

"இந்த வூட்ல இப்ப கீறதே ஒரு மூக்கு, உன்னுது. அதுவும் பொய் சொன்னா நான் யார நம்பி அடுப்பு பத்த வெக்கறது?"

எனக்கு ஆத்திரம். பெரிசாக ஏதாவது ஆகியிருந்தால் என்கிற பயம். அதற்கு நடுவில், இந்த மனுஷன் இரண்டு துண்டு தின்றிருக்கிறாரே என்று அழுகை.

பிப்ரவரி 11, புதன்

பால் வரவில்லை, வறக்காப்பி. இவர் நான் சொல்லாமலே மாடிக்குப் போய் ஒவ்வொரு செடியிலும் ஒரு பழம் பறித்து வந்தார். தரையில் உட்கார்ந்து ஒழுங்காக மென்றார். சொன்னது அப்படியே:

"ரெண்டு தண்டம். மூணு கசக்குது. எட்டு வெறும் சக்கர, கொழம்புக்கு ஆவாது. மிச்சமெல்லாம் சுமாரு. ஆறு…" கண்ணை மூடிக்கொண்டார். "ஆறு நல்லா கீது. மெய்யாலுமே நல்லா கீது. ஆனா அந்தப் பொட்டி நாத்தம் கொடலப் பொரட்டுது வனஜா. நட்ட நாள்லேர்ந்தே பொரட்டுது."

சிரித்துவிட்டேன். அவரும்.

ஒரு குழப்பம். உப்பு மண்ணில் தக்காளி சின்னதாகும், ருசி கூடும் என்று எனக்கு விதை அனுப்பினவர் போனில் சொல்கிறார். அப்படியானால் ஆறின் ருசி நான் கலந்த கலப்பா, இல்லை கருவாட்டு உப்பா? கருவாட்டுப் பெட்டியைப் படியில் வைக்கவும் முடியாது, ஹவுஸ் ஓனருக்கு மூக்கு இருக்கிறது. அதனால் ஆறின் பக்கக் கிளை ஒன்றை ஒடித்து வேறு பெட்டியில் நட்டேன், வேர் விட்டுவிடும். அந்தப் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவியது இவர். மோந்து பார்த்து "பாஸ்" என்றதும் இவரே.

பிப்ரவரி 14, சனி

ஆள் வந்துவிட்டான். மாடி காலி. பார்க்கப் பிடிக்கவில்லை, பாதியில் இறங்கிவிட்டேன். படி வளைவில் ஆறின் கிளை. நேற்று தொங்கியது, இன்று நிமிர்ந்திருக்கிறது.

ஆறின் விதை டம்ளரில், சதையோடு ஊறுகிறது. புளித்து வாடை வந்ததும் கழுவி எடுக்க வேண்டும். இவர் மோந்து பார்த்தார்: "இன்னும் ஒரு நாள் வுடு."

மதியம் ரசம். ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"புளி ஜாஸ்தி."

புளிப்பு எனக்கே தெரியும். ஜாஸ்திதான். வேண்டுமென்றே போட்டேன்.