பன்னு என்கிற காச்ச ரொட்டி

22-1-1969

முதல் ஈடு பன் அருமையாக வந்தது. மேலே செம்பு நிறம், விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்ப எழும்புகிறது. எங்கள் ஓசூராக இருந்திருந்தால் இந்நேரம் தட்டு காலி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு எதிரில் பேக்கரி போட்டு ஒரு மழைக்காலமே போய்விட்டது. இன்னும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வண்டிக்கார மாரியப்பன் வந்து ரெண்டு பன் கேட்டார். பொட்டலம் கட்டுவதற்குள் பக்கத்து டீக்கடை பச்சியப்பன் எட்டிப் பார்த்து, "ஏன் மாரியப்பா, வூட்ல யாருக்கு காச்ச?" என்றார். பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எந்த டாக்டர், ஊசி போட்டாச்சா, மந்திரிச்சுப் பாத்தீங்களா...

"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க. சும்மா திங்கத்தான்" என்றார் மாரியப்பன்.

"பாவம், மறைக்கறான்" என்றது ஒரு குரல்.

மனுஷன் பொட்டலத்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு, பச்சியப்பன் கடையில் வடை தின்றுவிட்டுப் போனார். இந்த ஊரில் ஆரோக்கியமாக இருக்கிறவன் பன் தின்றால் போலீஸ் பிடிக்குமா?

25-1-1969

போர்டு எழுத ஆண்டி வந்தார். 'நூர் பாஷா பேக்கரி' வரைக்கும் வேகமாக எழுதிவிட்டார். கீழே சரக்கின் பேர் எழுத வேண்டும். "பன்னு" என்றேன்.

"அப்பிடி எழுதுனா யாருக்குங்க பாய் புரியும்? குண்டு ரொட்டின்னு போடுங்க" என்றார் பச்சியப்பன். ஏரியூரிலிருந்து வந்த ஒருவர், எங்க பக்கம் இதுக்குக் காச்ச ரொட்டி என்றுதான் பேர் என்றார். சேலத்து லாரி டிரைவர் எதற்கும் இருக்கட்டும் என்று பன் ரொட்டி என்கிறார். அக்காவின் மாமியார் டபுள் ரொட்டி என்பார். தபாலாபீஸ் குமாஸ்தா மெட்ராஸ்காரர். அவர் "பொறை" என்றார். பொறையாம்! கல் மாதிரி காய்ந்து கிடக்குமே, அது!

"ஓசூர்ல பொறந்த கொழந்தகூட பன்னுன்னுதான் கேக்கும்" என்றேன்.

"நீங்க வடக்கத்தி ஆளு, அப்பிடித்தான் சொல்லுவீங்க."

பச்சியப்பனுக்கு ஊர் அதியமான்கோட்டை. கிருஷ்ணகிரி தாண்டினாலே அவருக்கு வடக்கு. ஒரே ஜில்லாதானே என்றேன். "ஜில்லா ஒண்ணுதானுங்க, நாக்கு ரெண்டு" என்றார்.

"மெட்ராஸ் ஸ்டேட்டுக்கே தமிழ்நாடுன்னு பேர் மாத்திட்டாங்க. ஒரு ரொட்டிக்குப் பேர் வெக்க முடியலையே" என்று ஆண்டி காய்ந்த பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். போர்டில் பாதி வெறுமையாக இருக்கிறது.

2-2-1969

ரஹமத் பீவி அக்கா பெண் பார்த்துவிட்டாள். பென்னாகரம் புளி வியாபாரி அப்துல் ஷுக்கூரின் இளைய மகள், பேர் ஷகிலா. எட்டாவது வரை படிப்பு. "வாய் கொஞ்சம் நீளம். உனக்குச் சரியா இருக்கும்" என்றாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர்கள் கறாராம். மூத்த மாப்பிள்ளைக்கு இளைப்பு நோய். மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள். நிக்காஹ் முடிந்த வாரமே ஆஸ்பத்திரி வாசல். அன்றிலிருந்து ஷுக்கூர் எந்த வரனிடமும் சொத்து கேட்பதில்லை, சொந்தம் கேட்பதில்லை. பையன் உடம்பு எப்படி என்று மட்டும்தான் கேட்கிறார்.

"என் தம்பி தேக்குமரம்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அக்கா.

எனக்கு இருபத்தேழு முடிகிறது. கடையைச் சாத்தினால் பேச ஆளில்லை, மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இது அமைந்துவிட வேண்டும். யா அல்லா, அமைந்துவிட வேண்டும்.

9-2-1969

போச்சு. எல்லாம் போச்சு. என் கையாலேயே கெடுத்தேன். எழுதினாலாவது ஆறுகிறதா பார்ப்போம்.

பெண் வீட்டுக்குப் போகும்போது என்ன கொண்டுபோவது? ஜிலேபி எவன் வேண்டுமானாலும் வாங்குவான். என் தொழில் தெரிய வேண்டாமா? பாலில் மாவு பிசைந்து, உலர்ந்த திராட்சை போட்டு, மேலே வெண்ணெய் தடவி ஒரு பெட்டி நிறையப் பன் சுட்டேன். ஓசூரில் சம்பந்தி வீட்டுக்கு இதைவிட மரியாதை கிடையாது. பலகாரம் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். அவளும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

பஸ்ஸிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வாசனை பிடித்து ஒரு அம்மா, "எந்த வார்டுங்க?" என்றார். கண்டக்டர் என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்து, "பெரிய ஆஸ்பத்திரி எறங்கறதுக்கு எல்லாம் வழி விடுங்க" என்று சத்தம் போட்டார். சிரித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், மடையன்.

ஆண்கள் முன்கூடத்தில் இருந்தோம். அக்காவும் மற்ற பெண்களும் உள்ளே. ஷுக்கூர் வாயாரப் பேசினார். பெட்டியை எடுத்து நீட்டினேன். மூடியைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போன பெட்டியைப் பார்த்துப் பெண்களின் பேச்சும் நின்றது. அந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு காசியம்மாள் வாசலில் வந்து, "பாயம்மா, ரொட்டி வந்திருக்குதாமே, யாருக்கு ஒடம்பு முடியல? ரசம் வெச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டார்.

ஷுக்கூர் மெதுவாக என்னிடம், "தம்பி, இது... நீங்க சாப்பிடறதுங்களா?" என்றார்.

பெருமையோடு சொன்னேன். ஆமாம், பெருமையோடு! "தெனமும் காலையில இதாங்க. சின்ன வயசுலேர்ந்தே. இது இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாதுங்க."

"சின்ன வயசுலேர்ந்தேவா?"

"பொறந்ததுலேர்ந்துன்னே வெச்சுக்கங்க."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா வீட்டுக்காரர் ஜமீர் மச்சான் என் தொடையைக் கிள்ளினார். எதற்குக் கிள்ளுகிறார் என்று அவரையே கேட்டேன். உள்ளே யாரோ ஒரு பெண் அடக்க முடியாமல் சிரித்து, யாரோ அதட்டி, சிரிப்பு நின்றது. டீ வந்தது. எனக்கு மட்டும் டீ இல்லை, வெந்நீர்.

10-2-1969

அக்கா பேசவில்லை.

12-2-1969

ஷுக்கூர் ஆள் அனுப்பிவிட்டார். "பையனுக்கு மொதல்ல ஒடம்பு தேறட்டும். துவா செய்யறோம்."

அக்கா இன்றைக்குப் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம். "ஜுரக்காரன் திங்கறத எடுத்துட்டுப் பொண்ணு பாக்கப் போனவன் இந்த ஒலகத்துல நீ ஒருத்தன்தான்டா! அதுவும் நோய்க்கு பயந்த வூட்டுக்கு!"

நான் என்ன செய்ய? என் ஊரில் பன் என்றால் சந்தோஷம். தெற்கே இறங்கி வந்தால் அதே பன் நோயாகிவிடுகிறது. எங்கே மாறுகிறது? காவேரிப்பட்டணத்திலா? காரிமங்கலத்திலா? யாராவது ஒரு கல் நட்டு எழுதிவைத்திருக்கலாம்.

அந்தச் சிரிப்பு யாருடையது?

3-3-1969

பக்ரீத் கழிந்தது. ஷுக்கூர் வாராவாரம் காரிமங்கலம் சந்தைக்குப் புளி எடுக்க வருவார் என்று பச்சியப்பன் துப்புக் கொண்டுவந்தார். "பாய், வாயில சொன்னா நம்பமாட்டாங்க. அவரு கண்ணு முன்னாடி ஒரு மூட்டையத் தூக்கிக் காமிங்க."

புத்தி சொன்னது பச்சியப்பன். கேட்டது நான். மைதா மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனோம். சந்தையில் மைதாவுக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஷுக்கூர் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரு சலாம் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டேன். அவர் பார்த்தார். நடந்தேன். பார்த்தார். அதோடு இறக்கியிருக்கலாம். திரும்பி இன்னொரு சலாம் வைத்தேன்.

இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. மூட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முகமெல்லாம் மாவு. மாரியப்பன் வண்டியிலேயே படுக்கப் போட்டுக் கொண்டுவந்தார்கள். போகும்போது ஷுக்கூரின் முகம் தெரிந்தது. அய்யோ பாவம் என்று பார்த்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

5-3-1969

அக்கா வீட்டில் மல்லாந்து கிடக்கிறேன். வைத்தியர் தைலம் போட்டு, அசையாதே என்றிருக்கிறார். கடையை ஜமீர் மச்சான் பார்த்துக்கொள்கிறார். சரக்கு அவ்வளவும் விற்றுப்போகிறதாம்!

எப்படி விற்கிறது என்று மதியம்தான் தெரிந்தது. மாரியப்பன் பார்க்க வந்தார், கையில் பன். ஆண்டி வந்தார், கையில் பன். தபாலாபீஸ் குமாஸ்தா "பொறை" கொண்டுவந்தார். நான் சுடச் சொல்லிக்கொடுத்த பன்னை, என் கடையில் வாங்கி, எனக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தலைமாட்டில் குவிந்து கிடக்கிறது. பச்சியப்பனும் கொண்டுவந்தார். "கோச்சிக்காதீங்க பாய், நோயாளியப் பாக்க வெறுங்கையோட வரமுடியுங்களா?"

சிரித்தால் இடுப்பு வலிக்கிறது. அழுதாலும் வலிக்கிறது.

7-3-1969

ஷுக்கூர் வந்தார். நோயாளியை விசாரிப்பது சுன்னத், நபி காட்டிய வழி ஆயிற்றே. சந்தையில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் வராமல் இருப்பாரா? கையில் என் கடைப் பொட்டலம். குவியலின் மேல் அவரும் வைத்தார்.

கொஞ்ச நேரம் இடுப்பைப் பற்றிப் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, அன்னிக்குக் கொண்டாந்த ரொட்டியில என்ன போட்டீங்க?" என்றார்.

"ஏனுங்க? யாருக்காச்சும் ஒத்துக்கலைங்களா?"

"ஷகிலாவுக்கு அதுலேர்ந்து வாராவாரம் காச்ச வருது. நெத்தியத் தொட்டா சில்லுனு இருக்குது. தெர்மாமீட்டரும் ஏற மாட்டேங்குது. கஞ்சி வேணாங்கறா, மாத்திர வேணாங்கறா. தர்மபுரி ரொட்டிதான் வேணுமாம். நானும் சந்தைக்கு வர்றப்ப ஆள் வுட்டு வாங்கிட்டுப் போறேன். தின்னதும் எழுந்து ஓடியாடி வேல பாக்கறா."

"அந்தப் பெட்டிய என்னங்க பண்ணுனீங்க?"

"எங்க வூட்ல அன்னிக்கு யாருக்கும் காச்ச இல்ல. யாருக்குக் குடுக்கறதுன்னு மாடத்துல வெச்சோம். மறுநாள் பாத்தா காலி. எலின்னு நெனச்சோம்."

"திராட்சையக்கூட வுடாத எலிங்களா?"

என்னையே பார்த்தார். உதடு துடித்தது. அப்புறம் சிரித்தாரே பாருங்கள், அந்தக் கட்டிலே ஆடிற்று! எனக்கு உயிர் போகிற வலி. ஆனாலும் சிரித்தேன். அன்றைக்கு உள்ளே கேட்ட சிரிப்பும் அவளுடையதுதானாம். நான் "பொறந்ததுலேர்ந்து" என்று சொன்னதற்குச் சிரித்திருக்கிறாள்.

அவர் எழுந்து போகும்போது நான்தான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "என் ஒடம்புக்கு ஒரு கொறையும் இல்லீங்க மாமா. ஓசூர்ல எல்லாரும் நல்லா இருக்கறப்பவே திம்பாங்க. நம்புவீங்களா?"

"நோயாளி எவனும் மைதா மூட்டையத் தூக்கிட்டு ரெண்டு தடவ சலாம் வெக்கமாட்டான். முட்டாள்தான் வெப்பான். முட்டாள்தனத்துக்கு ஆஸ்பத்திரி போக வேணாம்" என்றார்.

மாமா என்று கூப்பிட்டேனே, அதை அவர் திருத்தவில்லை.

16-3-1969

இப்போது அக்கா முறுக்கிக்கொண்டிருக்கிறாள். "பொண்ணுக்கு வாராவாரம் காச்சலாமே? நல்லா விசாரிக்காம எப்பிடிடா?"

அல்லாவே! உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். மொஹரம் மாதமும் சஃபர் மாதமும் கழிந்ததும் நிக்காஹ் என்று பேசி முடித்தோம்.

15-6-1969

கல்யாணத்துக்கு முந்தின நாளே சண்டை. விருந்துக்குப் பன் இருக்கணும் என்கிறார் ஓசூரிலிருந்து வந்த என் சித்தப்பா. கல்யாணப் பந்தியில் காச்ச ரொட்டி போட்டால் ஊர் காறித் துப்பும் என்கிறார்கள் பென்னாகரத்தார். வடக்கத்தியானுக்கு வேறென்ன தெரியும் என்று ஒருவர். தெற்கத்தி நாக்குக்குப் புளியைத் தவிர எதுவும் ஏறாது என்று ஒருவர். மாமாவே புளி வியாபாரி, அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

உள்ளேயிருந்து மணப்பெண்ணின் குரல் கேட்டது: "காலைப் பசியாறலுக்கு வைங்க. ஆட்டுக்கால் சால்னாவோட."

வைத்தோம். சால்னாவில் தோய்த்து ஒருவர் தின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர். மேலும் கேட்டார்கள். சட்டியை வழித்தார்கள். காசியம்மாளுக்கும் சால்னாவோடு தனியாக அனுப்பினோம். "காச்ச இல்லாதப்போ தின்னா இப்பிடியா இருக்கும்?" என்று சொல்லியனுப்பினாராம்.

ஷகிலாவை இன்றைக்குத்தான் பார்த்தேன். என்ன எழுதுவது? கை ஓடவில்லை.

20-8-1969

ஆண்டியைக் கூப்பிட்டுப் போர்டை முடிக்கச் சொன்னேன். பன்னு என்றேன் நான். ரொட்டி என்றாள் அவள். இருவரும் விடவில்லை. ஆண்டி ஒரு வட்டம் போட்டு, மஞ்சள் அடித்துவிட்டுப் போனார்.

11-2-1970

காலை பத்து மணிக்கெல்லாம் தட்டு காலி. காலேஜ் பையன்கள், சந்தைக்காரர்கள், பச்சியப்பன் டீக்கடையின் பெஞ்சு மொத்தமும். அவர் இப்போது ஆட்டுக்கால் வாங்கி அவரே சால்னா வைக்கிறார்.

மதியம் அடுப்பைத் தணித்த பிறகு கண்ணம்மாள் என்கிற அம்மா ஓடி வந்தார். அதியமான்கோட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். புருஷனுக்கு நிஜமாகவே ஜுரமாம், வாயில் வேறெதுவும் இறங்கவில்லையாம். ஒன்றுகூட இல்லையே என்று கையை விரித்தேன். அந்த அம்மா முகம் வாடிப் படி இறங்கினார்.

ஷகிலா உள்ளேயிருந்து வந்து, "நில்லுங்கக்கா" என்றாள். தனக்கு என்று மூடி வைத்திருந்ததை எடுத்து இலையில் சுற்றிக் கொடுத்தாள். இந்த மாதம் அவளுக்கு மசக்கை. குமட்டல் அடங்கியதும் அதைத் தின்னலாம் என்றுதான் காலையிலிருந்து காத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளையிலேர்ந்து நோயாளிங்களுக்குன்னு நாலு ரொட்டி தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் கடையத் தொறக்கணும்" என்றாள்.

சரி என்றேன். அடுப்பை மறுபடி மூட்டி, அவளுக்கு மட்டும் ஒரு ஈடு போட்டேன்.