பன்னிரண்டை மூன்றாக்கியிருக்கிறேன்

என்னங்க,

நல்ல தூக்கத்தில் இருந்தீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். பின்னறைச் சாவி ரேடியோ மேல். நாற்காலிக் கால்களை வாங்க மாவு மில்காரர் பதினொரு மணிக்கு வருகிறார். அதற்குள் மீதி இரண்டையும் கடைந்துவிடலாம். கடைசல் மெஷினைத் தைரியமாகப் போடுங்கள்.

நேற்று அதில் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டியை நான் மாட்டியபோது நீங்கள், "பெரிய மோட்டார்ல இருந்த டிரைவாச்சே, ஆம்பியரை மாத்தினியா?" என்று கேட்டதற்கு, "இருபது வருஷ எலக்ட்ரீஷியனைப் பாத்துக் கேக்கற கேள்வியா இது?" என்று எகிறினேனே, காலையில் டிரைவைப் போட்டுப் பார்த்தேன். பழைய பெரிய மோட்டாருக்கு வைத்த பன்னிரண்டு ஆம்பியர் வரம்பு அப்படியே இருக்கிறது! இந்தச் சின்ன மோட்டார் தாங்குவது மூன்றுதான். உளி சிக்கி அது திணறினாலும் டிரைவ் கண்டுகொண்டிருக்காது, மோட்டாருக்குள் கம்பிச் சுருள் கருகியிருக்கும். மோட்டார் தகட்டைப் பார்த்து மூன்று என்று மாற்றிவிட்டேன். இனி திணறினால் தானே நிறுத்திவிடும்.

என் குரலுக்கும் அப்படி ஒரு அளவு வைத்திருக்கலாம். கோபம் வேண்டாம்.

சிரிக்கவும் வேண்டாம்.

இன்னொன்று: மில்காரரிடம் மூச்சு விடாதீர்கள். போன மாதம் அவர் மில்லில் டிரைவ் மாட்டியதும் நான்தான். இப்போது வேலைக்குப் போகிற வழியில் முதலில் அங்கேதான் ஓடுகிறேன்.