மாடியின் மதிப்பு

மார்ச் 4

அன்புள்ள கடைக்காரிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால், ஆறு வருடம் கழித்து வந்த ஆவலா என்று கேட்பாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய வரி நோட்டீஸைப் படித்தேன். கீழே உன் மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே நான் உட்கார்ந்து வீட்டு பிளான் வரைந்த ஆபீஸ், இரண்டுமே மும்முரமாக நடப்பதாக வைத்து நம் கட்டடத்தின் மதிப்பை இரண்டு மடங்காக்கியிருக்கிறார்கள். இவ்வளவு வரி கட்டினால் கடையை மூட வேண்டியதுதான் என்கிறாய். பயப்படாதே. மேல்முறையீட்டு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மாடி ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, யாருக்கும் உபயோகமில்லை என்பதுதான் நம் வாதம். ஆய்வாளர் வந்தால் கதவைத் திறந்து காட்டு, போதும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே.

மாடிக்காரன்

மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்னபடி நான் வாயே திறக்கவில்லை. அப்படியும் காரியம் கெட்டுவிட்டது.

ஆய்வாளர் உங்கள் மேசையை விரலால் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. சுவிட்சைப் போட்டார், விளக்கு எரிந்தது. காலண்டர் இந்த மாதத்தைக் காட்டியது. பென்சிலெல்லாம் சீவி இருந்தது.

"பூட்டிக் கிடக்குன்னு எழுதியிருக்கீங்க. இப்பதான் யாரோ எழுந்து டீ குடிக்கப் போன மாதிரி இருக்கேம்மா?" என்றார்.

கடை விடுமுறை நாளில் மேலே போய்ப் பெருக்கித் துடைப்பது என் வழக்கம். அன்று நமக்குள் அந்தச் சண்டை எதற்கு வந்தது என்பதே எனக்கு மறந்துவிட்டது. "கோபம் ஆறட்டும், வரேன்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது மறக்கவில்லை. வருகிற மனுஷன் தும்மிக்கொண்டா உட்காருவார்?

மனு தள்ளுபடி. தப்பு என்னுடையதுதான், திட்டுவதானால் திட்டுங்கள்.

கடைக்காரி

ஏப்ரல் 2

அன்புள்ள கடைக்காரிக்கு,

உன்னை யார் துடைக்கச் சொன்னது? யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதையாக இருக்கிறது.

இதை எழுதிவிட்டு, தபாலில் சேர்க்காமல் நாலு நாள் வைத்திருந்தேன். ஆறு வருடம் பென்சில் சீவியிருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேல்முறையீட்டுக் குழுவிடம் இன்னொரு முறை கேட்கலாம். படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பதாவது கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன். "மேற்படி பகுதியை உரிமையாளர் மீண்டும் பயன்படுத்தும் உத்தேசம் உண்டா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றால் வரி குறையும். பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உனக்கு எது சரியென்று படுகிறதோ அதை எழுதிக்கொள்.

மாடிக்காரன்

ஏப்ரல் 30

அன்புள்ள உங்களுக்கு,

ஜெயித்துவிட்டோம். மதிப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். கடை பிழைத்தது.

ஒன்பதாவது கேள்விக்கு நீங்கள் "உண்டு" என்று எழுதியிருந்தால், வளையலை விற்றாவது முழு வரியையும் சந்தோஷமாகக் கட்டியிருப்பேன். "இல்லை" என்று எழுதியிருந்தால் நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டு மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இரண்டும் இல்லாமல் என் தலையில் கட்டினீர்கள். எனக்கும் எழுத வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குழுவின் தலைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார். "இது ஏன் காலியா இருக்கு? உங்க வீட்டுக்காரர் திரும்பி வருவாரா, மாட்டாராம்மா?"

அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"வரமாட்டாருங்க" என்றேன்.

அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. தலைவி எழுதிக்கொண்டார். பிறகு தன் தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

அவர்கள் மேல் தப்பில்லை, உங்களைக் குறை சொல்லவும் இப்போது தெம்பில்லை. உங்கள் வரைபலகையையும் பெட்டிகளையும் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். இந்த விலாசத்துக்கே அனுப்பவா, வேறு எங்காவதா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்